அமலராணி கொடுத்த ஆறு வெள்ளிக்காசு

தங்கமலரின் வலது உள்ளங்கையை டென்மார்க்கில் பாதித் தமிழ்ச் சனத்துக்குத் தெரியும். ஒரு சங்கிலியை அதில் வைத்து இரண்டு தரம் மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்து, "இரண்டே கால் பவுண், கொழுக்கி மட்டும் வேறை தங்கம்" என்று அவள் சொன்னால் சொன்னதுதான். பிறகு தராசில் வைத்துப் பார்க்கிறவர்கள் தங்களுக்கே வெட்கத்தைத் தேடிக்கொள்வார்கள். கோல்டிங்கிலோ வைலவிலோ ஒரு கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ முடிந்து, மிஞ்சின புரியாணியைப் பெட்டிகளில் அடைத்த கையோடு, வீட்டுக்காரர் அவளைத்தான் தேடுவார்கள். அவள் கம்பளத்தில் சப்பாணி கட்டி உட்கார, பெண்கள் சுற்றிவர இருந்து பரிசுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அவள் கையில் வைப்பார்கள். யார் யாருக்கு எத்தனை பவுண் வைத்தார்கள், வாங்கினவர் திருப்பி எத்தனை வைத்தார் என்பதெல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. "உம்மை வரிக் கந்தோரிலை வைச்சிருந்தால் இந்த நாடு இன்னும் முன்னேறியிருக்கும்" என்று அவளுடைய கணவர் சபாரத்தினம் சொல்வார். அவர் கிடங்கொன்றில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். பகிடியைச் சிரிக்காமல் விடுகிற மனிசன்.

அப்படிப்பட்டவளுடைய நிம்மதியைக் கெடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கலியாண அழைப்பிதழ் வந்தது. எஸ்பியர்க்கில் இருக்கும் அமலராணியின் மகள் மேனுஜாவுக்கு அடுத்த வாரச் சனிக்கிழமை கலியாணம். மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பே அழைப்பு வந்துவிட்டது என்று தங்கமலருக்குத் தெரியும். தனக்கு வராததையும் அவள் நாளாந்தம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது கடைசி நேரத்தில் வந்திருக்கிறது. வராமலே இருந்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

"போவமே?" என்றார் சபாரத்தினம்.

தங்கமலர் எழுந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தரம் துடைத்தாள்.

ஒரு காலத்தில் அமலராணி அவளுக்குக் கூடப்பிறக்காத சகோதரி. டேனிஷ் படிக்கப் போன பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து, ஒரே சொல்லை ஒரே மாதிரிப் பிழையாகச் சொல்லி, ஒன்றாகச் சிரித்தவர்கள். அமலராணி வேதக்காரி, தங்கமலர் சைவம். அது ஒருநாளும் அவர்களுக்கு இடையில் வந்ததில்லை. தங்கமலருக்கு மகள் சாரங்கி பிறந்தபோது வந்து நின்று சரக்குக் கறி காய்ச்சிக் கொடுத்தவள் அமலராணிதான். அவளுடைய கணவர் தேவநாயகத்துக்கு எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கே போன பிறகும், ஒரு ஞாயிறு இவர்கள் அங்கே, மற்ற ஞாயிறு அவர்கள் இங்கே என்றுதான் இருந்தது. மேனுஜா பெரிய பிள்ளையானபோது தங்கமலர் இரண்டரைப் பவுணில் சங்கிலி போட்டாள். அதற்காகக் கிழமை நாள், லீவு நாள் பாராமல் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஓடி ஓடி வேலை செய்தாள்.

அடுத்த வருசம் சாரங்கியின் சாமத்தியவீடு வந்தது. அமலராணி வந்தாள், படத்துக்கு நின்றாள், ஒரு சின்ன நீல வெல்வெட் பெட்டியைப் பிள்ளையின் கையில் வைத்தாள், தேவநாயகத்துக்கு விடிய வேலை என்று சொல்லிச் சாப்பிடாமலே போய்விட்டாள். பிறகு கம்பளத்தில் இருந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே ஆறு பழைய வெள்ளிக்காசு. அமெரிக்கக் காசு. ஒவ்வொன்றிலும் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரியின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. ஒரே கறுப்பு, ஒரே அழுக்கு. தங்கமலர் அவற்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"எத்தினை பவுண் அக்கா?" என்று சுஜாந்தினி கேட்டாள். எந்த வீட்டில் எது நடந்தாலும் அடுத்த வீட்டுக்குச் சொல்லுகிற பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டவள் இந்தச் சுஜாந்தினி.

"பவுணோ? இது பஸ்சுக்குக் குடுக்கிற சில்லறை" என்றாள் தங்கமலர்.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கமலரும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்கு எரிந்தது. விலை குறைந்ததற்காக இல்லை, நட்பை மதிக்காததற்காகத்தான் எரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதெல்லாம் பொய். விலை குறைந்ததற்காகத்தான் எரிந்தது.

அதற்குப் பிறகு அமலராணி போன் எடுக்கவில்லை. இவளும் எடுக்கவில்லை. ஞாயிறுகள் நின்றுபோயின. பொதுக் கலியாணங்களில் ஒருத்தி மண்டபத்தின் இந்தத் தொங்கலில் இருந்தால் மற்றவள் அந்தத் தொங்கலில் இருந்தாள். அப்படியே பன்னிரண்டு வருசம் போய்விட்டது. நீலப் பெட்டி, பழைய பற்றரிகளும் எந்தப் பூட்டுக்கென்று தெரியாத திறப்புகளும் கிடக்கிற மேசை லாச்சிக்குள் போனது.

அழைப்பிதழ் வந்த அன்று மாலையே அவள் அந்த லாச்சியைக் கிண்டினாள்.

"என்ன தேடுறீர்?"

"அவ தந்ததை. தந்ததையே குடுக்கப் போறன். அதே பெட்டி, அதே சில்லறை. மேடையிலை வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை, மேனுஜாவின்ரை கையிலை."

சபாரத்தினம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அது அவர் பாரதூரமாகக் கதைக்கப் போகிறார் என்பதற்கு அடையாளம். "இது சரியில்லை, மலர். பன்ரண்டு வருசமாச்சு."

"வெள்ளி புளிச்சுப் போகாது."

"அந்தப் பெட்டை உமக்கு என்ன செய்தது?"

தங்கமலர் லாச்சியை இன்னும் ஆழமாகக் கிண்டினாள். பதில் இல்லாத கேள்விகள் அவளுடைய காதில் விழாது. ஆனால் அவளுக்குள் வேறொரு கேள்வி முளைத்துவிட்டது. வெள்ளி விலை ஏறியிருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். சில்லறை என்று நினைத்துக் கொடுத்து, அது அமலராணிக்கு லாபமாகப் போய்விட்டால் அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? அவமானப்படுத்துவதற்கும் ஒரு சரியான அளவு வேண்டும் அல்லவா?

வெள்ளிக்கிழமை சாரங்கி ஓகூசிலிருந்து வந்தாள். அங்கே ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை. தாய் தமிழில் கேட்பதற்கு அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். தாயின் திட்டத்தைக் கேட்டதும் அவளுக்குத் தமிழ் வந்தது.

"அம்மா, உங்களுக்கு என்ன விசரோ? மேனுஜா எனக்கு அக்கா மாதிரி. நீங்கள்தான் கதைக்கிறேல்லை, நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைக்கிறம்."

"கதையுங்கோ. இப்ப இது எவ்வளவு பெறுமதி எண்டு மட்டும் பார்."

சாரங்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காசுகளைப் படம் எடுத்து இணையத்தில் தேடினாள். ஐந்து காசின் கதை சட்டென்று முடிந்தது. அமெரிக்காவில் இவை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, உள்ளே இருக்கிற வெள்ளிக்கு உரிய விலைதான். ஆறாவதைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். முன்பக்கம் 1889 என்று இருந்தது. பின்பக்கத்தில் கழுகின் காலுக்குக் கீழே, இலை வளையத்தின் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற சின்ன எழுத்து இரண்டு. சி, சி.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ."

கார்சன் சிட்டி என்ற சின்ன ஊரில் இருந்த நாணயச்சாலையின் அடையாளமாம் அது. அந்த வருசம் அங்கே அடித்ததில் மிஞ்சியது மிகக் குறைவாம். சாரங்கி போனைத் தாயிடம் நீட்டினாள். அதே வெள்ளைக்காரி, அதே கழுகு, கீழே விலைகள். ஒன்று ஒரு சோடிச் செருப்பின் விலை. அடுத்தது ஒரு காரின் விலை. பொய்க்காசும் கனக்க உலாவுது, கவனம் என்றும் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து தங்கமலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காசை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். உருளைக்கிழங்குக்கு ஊற்றும் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு, சாப்பாட்டைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத கிழவர்களையும் வாய் திறக்க வைத்தாள். வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல், கோல்டிங் கோட்டைக்குக் கீழே உள்ள குளத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று முடிந்ததும் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் போட்டாள். கை ஒன்றும் சொல்லவில்லை. பொன் என்றால் உடனே வாய் திறக்கிற கை, இதை வைத்துக்கொண்டு ஊமையாகக் கிடந்தது. இன்னொரு சுற்று நடந்தாள். மழை தூறத் தொடங்கியதையும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலேறி ஓடென்சவுக்குப் போனாள். அங்கே பழைய காசு வாங்கி விற்கிற ஒரு கடை. கடைக்காரன் ஜோனாஸ் சிவத்தத் தாடிக்காரன், அவளுடைய மகளின் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். காசுகளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்து, காந்தம் பிடித்து, ஒரு கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு பார்த்தான். தங்கமலருக்கு அவனைப் பிடித்துவிட்டது. காசை ஓரத்தில் மட்டும் தொட்டுப் பிடிக்கிற அந்தப் பக்குவம் அவளுக்கு விளங்கியது. ஐந்தை ஒரு பக்கம் ஒதுக்கினான். ஆறாவதில் குனிந்தவன் கன நேரம் நிமிரவில்லை. பிறகு விளக்கைக் கிட்ட இழுத்தான்.

"இவற்றை எப்போதாவது துலக்கினீர்களா?" என்று கேட்டான்.

தங்கமலருக்குச் சுருக்கென்றது. தன்னை ஊத்தைக்காரி என்கிறானோ? "என் வீட்டில் எல்லாம் பளபளவென்று இருக்கும்" என்றாள் டேனிஷில். "இதை மட்டும் தொடவில்லை."

"நல்ல காலம்" என்றான் ஜோனாஸ். "துலக்கியிருந்தால் பாதி விலை போயிருக்கும். இதை வாங்குகிறவர்கள் இந்தக் கறுப்பைத்தான் பார்ப்பார்கள்."

தங்கமலர் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ் என்று வீட்டில் இருக்கிற வெள்ளிச் சாமான் ஒன்றுவிடாமல் ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருநீறு போட்டுத் தேய்க்கிறவள் அவள். அமலராணியின் காசின்மேல் அவளுக்குக் கொஞ்சம் அன்பு இருந்திருந்தாலும் அதையும் எடுத்துத் தேய்த்திருப்பாள். பன்னிரண்டு வருசம் தேய்த்த தேய்ப்பில் அந்த வெள்ளைக்காரிக்கு மூக்கே இருந்திராது. கேவலமாக நினைத்து லாச்சிக்குள் எறிந்ததால் தப்பியிருக்கிறது.

"உண்மையான காசா?"

"என் கண்ணுக்கு உண்மைதான். சாதாரணக் காசில் இந்த இரண்டு எழுத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டின இடம் எனக்குத் தெரியவில்லை. முழுக்க நிச்சயப்படுத்த வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், சில கிழமை எடுக்கும்."

"உண்மை என்றால்?"

ஜோனாஸ் தாடியைச் சொறிந்தான். "இருபத்தைந்தாயிரம் குரோனருக்குக் குறையாது. முப்பதும் போகலாம்."

தங்கமலருக்குக் குரோனரில் யோசிக்க வராது. மனம் தன்பாட்டில் மாற்றியது. கிட்டத்தட்ட ஐந்து பவுண். அவள் மேனுஜாவுக்குப் போட்டது இரண்டரை.

காசை அனுப்பக் கொடுக்காமல் பெட்டியோடு திரும்பி ரயிலேறினாள். பாலத்தைக் கடக்கும்போது கடலைப் பார்த்தாள், கடல் அவள் கண்ணில் படவேயில்லை. ஒரே கேள்விதான் உள்ளே சுழன்றது. தெரிந்து கொடுத்தாளா, தெரியாமல் கொடுத்தாளா? தெரியாமல் கொடுத்திருந்தால், கையில் அகப்பட்ட ஏதோ பழைய சாமானைத் தூக்கித் தந்தாள் என்ற கோபம் அப்படியே நியாயமாக நிற்கும். தெரிந்து கொடுத்திருந்தால்? அந்த மண்டபத்துக்கு வந்த அத்தனை பேரிலும் பெரிதாகக் கொடுத்தவள் அவள். அவள் கொடுத்ததைப் பார்த்துத்தான் தங்கமலர் பஸ்சுக்குக் கொடுக்கிற சில்லறை என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். பன்னிரண்டு வருசம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்திருக்கிறாள். கோல்டிங் வந்தும் இறங்க மறந்து, கதவு மூடப்போகிற நேரத்தில் பாய்ந்து இறங்கினாள்.

"அமலராணியிட்டையே கேளும்" என்றார் சபாரத்தினம்.

"எப்பிடிக் கேக்கிறது? நீ தந்தது எத்தினை பவுண் பெறும் எண்டோ? அதைவிட நான் அந்தக் குளத்திலை விழலாம்."

"ஓம். ஆனால் அந்தக் குளம் ஆழமில்லை" என்றார் அவர்.

புதன்கிழமை அமலராணி வீட்டில் பலகாரச் சூடு என்று சுஜாந்தினி போனில் சொன்னாள். கலியாணத்துக்கு முன்பு ஊர்ப் பெண்கள் கூடி மாப்பிணைந்து பலகாரம் சுடுகிற அந்த நாளுக்கு யாரையும் தனியாக அழைப்பதில்லை. உரிமை உள்ளவர்கள் வருவார்கள். உரிமை இல்லாதவர்கள் வரமாட்டார்கள். தங்கமலர் தனக்கு எது என்று தெரியாமலே பஸ்சும் ரயிலும் ஏறி எஸ்பியர்க் போனாள். நீலப் பெட்டி கைப்பையில் இருந்தது.

அமலராணி வீட்டுக் கராஜின் கதவை முக்கால்வாசி தூக்கிவிட்டு, காற்றுக்கு மறைப்பாகக் காட்போட் மட்டை கட்டி, உள்ளே காஸ் அடுப்பில் பெரிய தாச்சி வைத்திருந்தார்கள். கடற்காற்று மட்டைகளைப் பிடித்து ஆட்டியது. ஒருத்தி அரியதரத்துக்கு மாத் தட்ட, ஒருத்தி பயத்தம் உருண்டை பிடிக்க, எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கமலரைக் கண்டதும் கதை நின்றது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அமலராணி தாச்சிக்கு முன்னால் முறுக்கு உரலோடு இருந்தாள். மெலிந்து போயிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது.

"வாங்கோ. இருங்கோ" என்றாள்.

நீ, வா என்று கதைத்தவள் இப்போது வாங்கோ என்கிறாள். காப்புறுதிக்காரன் வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள். தங்கமலருக்கு அது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

சுஜாந்தினிக்கு ஊர்க்கதை காவுகிற பழக்கம் இருந்தாலும் புத்தியில் குறைவில்லை. "தேத்தண்ணி ஊத்துவம், எல்லாரும் வாங்கோ" என்று மற்றப் பெண்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கராஜில் இரண்டு பேரும் ஒரு தாச்சி எண்ணெயும் மிஞ்சியது.

"பெட்டை எங்கை?" என்று தங்கமலர் கேட்டாள்.

"கையிலை மருதோண்டி வைக்கப் போயிட்டாள்."

தங்கமலர் வழி முழுக்க யோசித்து வைத்திருந்த சுற்றுவழிப் பேச்செல்லாம் மறந்துபோனது.

"ராணி, அந்தக் காசு..."

"எந்தக் காசு?"

"சாரங்கிக்குத் தந்தது."

அமலராணியின் கை உரலில் நின்றது. "அதை இன்னும் வைச்சிருக்கிறீங்களோ? பஸ்சுக்குக் குடுத்திருப்பீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

தங்கமலருக்கு முகம் வெளிறிப்போனது. "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன? நாங்கள் அண்டைக்குப் படுக்க முந்தி போன் வந்திட்டுது. எல்லாரும் நல்லாச் சிரிச்சவையாம்."

"அந்தக் காசு எங்காலை ராணி உனக்கு வந்தது?" என்று தங்கமலர் கேட்டாள்.

அமலராணி தாச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து வீட்டில் மாக்கிரட் என்று ஒரு டேனிஷ் கிழவி இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அமலராணி விடிய வேலைக்குப் போக, குழந்தையை அதுதான் பார்த்துக்கொண்டது. மேனுஜாவின் ஞானஸ்நானத்துக்கு வந்து இந்தப் பெட்டியைக் கொடுத்தது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளி கொடுப்பது டேனிஷ்காரரின் வழக்கம். கிழவியின் தகப்பன் இளந்தாரியாக அமெரிக்காவில் சுரங்கம் கிண்டப் போய், திரும்பி வரும்போது கொண்டுவந்த காசு.

"சாரங்கி பெரிசான வருசம் தொழிற்சாலை பூட்டி இவருக்கு வேலை இல்லை" என்றாள் அமலராணி. "என்ரை காப்பெல்லாம் வித்தாச்சு. நீங்கள் மேனுஜாவுக்குப் போட்ட சங்கிலியை மட்டும் விக்கேல்லை. சாரங்கியின்ரை சடங்குக்கு நான் நீட்டுக் கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தனான், வெறுங்கை தெரியாமல். கழுத்திலை கிடந்தது தங்கமில்லை, கில்ட்டு. நீங்கள் என்னைக் கட்டிப் பிடிச்ச நேரம் உங்கடை கை அந்தச் சங்கிலியிலை பட்டது. தங்கமலர் தொட்டிட்டா, இனிப் பிடிச்சிடுவா எண்டு எனக்குப் பயமாப் போச்சு. அதுதான் சாப்பிடாமலே ஓடினனான்."

தங்கமலருக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ தரம் அல்பத்தில் பார்த்த படம். நீட்டுக் கைச் சட்டை, தொங்கத் தொங்க ஒரு சங்கிலி. கொழுக்கியில் கலந்த தங்கத்தைக் கண்டுபிடிக்கிறவள், கட்டிப் பிடித்த தோழியின் கழுத்தில் கிடந்த கில்ட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அவள் அன்று வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், அடுத்து யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று.

"குடுக்க ஒண்டும் இல்லையெண்டு நான் வராமலே விடப் பாத்தனான். மேனுஜாதான் தன்ரை லாச்சியிலை இருந்து இதை எடுத்துத் தந்தவள். 'என்னட்டை இருக்கிறதிலை இதுதான் அம்மா நல்லது, சாரங்கிக்குக் குடுங்கோ' எண்டாள்."

தெரியாமல் கொடுத்தாள் என்பது இப்போது தெரிந்துவிட்டது. நாள் கணக்காக நெஞ்சைத் தின்ற கேள்விக்குப் பதில் கிடைத்தும் தங்கமலருக்கு ஆறவில்லை, இன்னும் கூடத்தான் எரிந்தது. கைப்பையைத் திறந்து நீலப் பெட்டியை மாச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது சில்லறை இல்லை, ராணி." ஓடென்சவையும் சிவத்தத் தாடியையும் இரண்டு சின்ன எழுத்தையும் அவசரம் அவசரமாகச் சொன்னாள். "ஐஞ்சு பவுண் பெறுமாம். இந்த ஒரு காசு மட்டும். அண்டைக்கு அந்த மண்டபத்துக்கு வந்ததிலை ஆகப் பெரிசு உன்ரைதான். மேனுஜாவின்ரை சாமான், அவளிட்டையே இருக்கட்டும். அதுக்குத்தான் வந்தனான்."

அமலராணி அழுவாள் என்று எதிர்பார்த்தாள். வாயைப் பொத்திக்கொள்வாள், கட்டிப் பிடிப்பாள், பன்னிரண்டு வருசமும் ஒரு நிமிசத்தில் கரைந்துவிடும். அமலராணி அப்படி ஒன்றும் செய்யவில்லை. குனிந்து காஸைக் குறைத்தாள். நிமிர்ந்து தங்கமலரை முதல் தரமாக நேரே பார்த்தாள்.

"உந்தக் கடைக்காரன் இது செல்லாக்காசு எண்டு சொல்லியிருந்தால், மலர்?"

"என்ன?"

"சொல்லியிருந்தால், நீ இண்டைக்கு இஞ்சை வந்திருப்பியோ?"

வந்திருப்பேன் என்று சொல்லத் தங்கமலரின் வாய் திறந்தது. சொல்லுகிறதுக்கு லேசான சொல். ஆனால் அமலராணியின் கண் அசையாமல் நின்றது. வெளியே காற்று மட்டையைப் படார் படார் என்று அடித்தது.

"இல்லை" என்றாள் தங்கமலர். "வந்திருக்க மாட்டன். சனிக்கிழமை மேடையிலை வைச்சு, இந்தப் பெட்டியையே உன்ரை பெட்டையின்ரை கையிலை குடுத்து, எல்லாருக்கும் முன்னாலை உன்னை வெக்கப்படுத்த நினைச்சிருந்தனான். அதுக்குத்தான் விலை பாக்கப் போனனான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி அழுதாள். அமலராணி தடுக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடியுமட்டும் உரலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"உண்மையை எண்டாலும் சொன்னாய்" என்றாள் கடைசியில். "பெட்டியை என்னட்டைத் தராதை. குடுத்ததைத் திருப்பி வாங்கிற குடும்பம் இல்லை நாங்கள். உள்ளை கொண்டுபோய் மேனுஜாவின்ரை மேசையிலை வை. அவளும் சாரங்கியும் கதைச்சு முடிவெடுக்கட்டும். அந்த வயசிலையே எங்கள் ரெண்டு பேரையும் விட நல்லா முடிவெடுத்தவள்."

"சரி."

"இப்ப இல்லை, பேந்து வை. எண்ணெய் காய்ஞ்சு போச்சு. கையைக் கழுவிக்கொண்டு வந்து இதைப் பிழி. எனக்குத் தோள் நோகுது."

தங்கமலர் கராஜ் மூலையில் இருந்த குழாயில் கையைக் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். அமலராணி உரலை அவளிடம் நீட்டக் குனிந்தபோது, அவள் கழுத்துச் சங்கிலி முன்னால் தொங்கி ஆடியது. நல்லெண்ணெய் மாதிரிக் கனத்த மஞ்சள் நிறம். தங்கமலரின் கண் பழக்கத்தில் அதன்மேல் போய் உட்கார்ந்தது. போன வேகத்திலேயே கண்ணைப் பிடுங்கித் தாச்சிக்குள் போட்டாள்.

அமலராணி அதைக் கண்டுவிட்டாள்.

"இது கில்ட்டு இல்லை" என்றாள். அவளுடைய வாயின் ஓரம் லேசாகக் கோணியது. "தூக்கிப் பாக்கப் போறியோடி?"

"வேண்டாம்" என்றாள் தங்கமலர்.

உரலைத் தாச்சிக்கு மேலே பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினாள். முதல் முறுக்கு வட்டமாக வராமல் கோணிக்கொண்டு விழுந்தது. அதையும் இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்து, சிவந்ததும் எடுத்தார்கள்.